நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பி

பித்தளைக் குழாய் ஒன்று. வெளிவிட்டம் 1.5 மில்லிமீட்டர், நடுவிலுள்ள துளை 1 மில்லிமீட்டர். தீக்குச்சியைவிட மெலிது. இந்தத் துளை வழியாக நான்கு மின்கம்பிகள் இறங்க வேண்டும்: சிவப்புக்கு ஒன்று, மஞ்சளுக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, மூன்றுக்கும் பொதுவாக ஒன்று. மாதிரி ரயில் கட்டுகிறவர் யாராக இருந்தாலும் ஒரு நாள் இந்தக் குழாய்க்கு முன்னால் வந்து உட்கார்ந்துதான் ஆக வேண்டும். தண்டவாளம் பதித்தாயிற்று, நடைமேடை எழும்பியாயிற்று, ஓரத்தில் தென்னையும் செம்பனையும்கூட நட்டாயிற்று. சிக்னல் மட்டும் விளக்கில்லாமல் நிற்கிறது.

குழாயைச் சற்றுப் பெரிதாக எடுத்துக்கொண்டால் வேலை சுலபம். ஆனால் எல்லாவற்றையும் எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கும்போது, 15 சென்டிமீட்டர் பருமனுள்ள நிஜக் கம்பம் 1.7 மில்லிமீட்டராகத்தான் வரும். அதைத் தாண்டினால் சிக்னல் கம்பம் கோயில் தூணாகிவிடும். மலாயாவின் ரயில் பாதை ஒரு மீட்டர் அகலம் கொண்டது. இதே கணக்கில் அது 11.5 மில்லிமீட்டர். கடையில் கிடைப்பது 12 மில்லிமீட்டர் அகலத் தண்டவாளம். அந்த அரை மில்லிமீட்டர் பிசகு யார் கண்ணையும் உறுத்துவதில்லை. கம்பத்தில் அதே அரை மில்லிமீட்டர் உறுத்தும். தண்டவாளம் தரையோடு படுத்திருக்கிறது. கம்பமோ வானத்தைப் பின்னணியாக வைத்துத் தனியே நிற்கிறது.

மின்னணுக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கும் மெல்லிய வயர்களில் ஒன்று, உறையோடு சேர்த்து அரை மில்லிமீட்டர் பருமன் இருக்கும். அதில் நான்கைச் சேர்த்துப் பிடித்தால் 1.2 மில்லிமீட்டர் துளை வேண்டும். இங்கே இருப்பது 1 மில்லிமீட்டர். நுழையாது. எண்ணெய் தடவினாலும் நுழையாது. அப்போதுதான் எனாமல் கம்பியின் நினைப்பு வருகிறது: செம்பு மட்டும் 0.1 மில்லிமீட்டர், மேலே பூசிய வார்னிஷோடு சேர்த்து ஏறக்குறைய 0.12. நான்கு இழையும் 0.3 மில்லிமீட்டர் துளைக்குள் அடங்கிவிடும். தலைமுடியின் பருமனுக்குப் பக்கத்தில் வந்துவிட்ட கம்பி இது.

தமிழ்ப் பேச்சில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. வெறும் உலோகம் கம்பி. உறை போட்டு மின்சாரம் கொண்டுபோவது வயர். மலாய் மொழியிலும் இதே பிரிவு உண்டு. அங்கே முதலாவது ‘டாவாய்’, இரண்டாவது ‘வாயர்’. கோலாலம்பூர்க் கடையில் ‘வாயர்’ என்று கேட்டால் பிளாஸ்டிக் உறை போட்ட சுருளை எடுத்து வைப்பார்கள். ‘டாவாய்’ என்று கேட்டால் இரும்புச் சாமான் கடைக்கு வழி காட்டுவார்கள். எனாமல் கம்பி இரண்டுக்கும் நடுவில் நிற்பது: பார்வைக்குக் கம்பி, வேலைக்கு வயர். அதன் மேலுள்ள உறை கண்ணாடி போலத் தெளிவானது. செம்பின் நிறம் அப்படியே தெரிவதால், தொட்டுப் பார்த்தாலும் உறை இருப்பதை நம்ப முடியாது.

கோலாலம்பூரில் இந்தத் தேடல் தொடங்கும் இடம் புடு. அங்குள்ள ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிப் பொருட்கள் விற்கும் கடைகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ரெசிஸ்டர், கப்பாசிட்டர், ரிலே, எல்.இ.டி. எல்லாம் சிறுசிறு இழுப்பறைகளில். பொருளின் எண் தெரிந்தவருக்கு அங்கே அரை நிமிட வேலை. எண் தெரியாதவருக்கு அரை நாள்.

எண்ணில்தான் சிக்கலே இருக்கிறது. கம்பியின் பருமனைக் குறிக்கப் பிரிட்டனுக்கு ஒரு வரிசை, அமெரிக்காவுக்கு ஒரு வரிசை. இரண்டிலும் எண் ஏற ஏறக் கம்பி மெலிந்துகொண்டே போகும். ஆனால் ஒரே எண் இரண்டிலும் ஒரே பருமனைக் குறிப்பதில்லை. 0.1 மில்லிமீட்டர் கம்பி அமெரிக்க வரிசையில் 38. பிரிட்டிஷ் வரிசையான எஸ்.டபிள்யூ.ஜி.யில் 42. அமெரிக்கப் புத்தகத்தில் படித்த 38ஐ மனத்தில் வைத்துக்கொண்டு, பிரிட்டிஷ் எண்ணில் பழகிய கடையில் கேட்டால் கைக்கு வருவது 0.15 மில்லிமீட்டர். ஒன்றரை மடங்கு பருமன். வீட்டுக்கு வந்து குழாயில் விட்டுப் பார்க்கும்போது நான்கு இழைகளும் நுழைந்துவிடும். ஆனால் எல்.இ.டி.யின் முனையில் பற்றவைக்கும்போது, அந்த விறைப்பு விளக்கையே பிடுங்கிக்கொண்டு வரும். தவறு எங்கே என்று புரிய அடுத்த சனிக்கிழமை ஆகிவிடும்.

இந்தப் பிரிட்டிஷ் வரிசை பிரிட்டனில் சட்டபூர்வமாக நடைமுறைக்கு வந்தது 1884ல். அதற்கு அடுத்த ஆண்டு, 1885 ஜூன் 1ஆம் தேதி, மலாயாவின் முதல் ரயில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்டுக்கு ஓடியது. 1886 செப்டம்பரில் கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் பக்கம் புக்கிட் கூடா வரை பாதை வந்தது. ஆற்றின் மேல் பாலம் முடிந்து கிள்ளான் நகருக்குள்ளேயே ரயில் நுழைந்தது 1890ல். கம்பியின் எண்ணும் ரயிலும் ஒரே தலைமுறையில் கடல் கடந்து வந்தவை. கம்பி வேலை செய்த பழைய கைகளில் பிரிட்டிஷ் எண் தங்கிவிட்டதில் ஆச்சரியம் இல்லை. கடைக்காரரிடம் மில்லிமீட்டரில் கேட்பதே உத்தமம். 0.1 என்பதற்கு எந்த நாட்டிலும் ஒரே பொருள்தான்.

சரியான கம்பி இருக்கிற இடம் தெரிந்தாலும் அடுத்த தடை எடை. எனாமல் கம்பியைத் தொழிலுக்காக வாங்குகிறவர்கள் கிலோ கணக்கில் வாங்குவார்கள். 0.1 மில்லிமீட்டர் செம்புக் கம்பி 100 மீட்டர் எடுத்து நிறுத்தால் 7 கிராம். ஒரு பவுன் தங்கத்தைவிட ஒரு கிராம் குறைவு. ஒரு கிலோ வாங்கினால் 14 கிலோமீட்டர் நீளம். ஒரு சிக்னலுக்கு வேண்டியது மேடைக்கு அடியில் போகும் நீளத்தையும் சேர்த்து இரண்டு மீட்டர். பத்து சிக்னல் வைத்தாலும் இருபது மீட்டர்தான். வாழ்நாள் முழுக்க ரயில் கட்டினாலும் ஒரு கிலோ தீராது.

கிள்ளான் துறைமுக ஊர். பம்பு, மின்விசிறி, பட்டறை மோட்டார் எரிந்துபோனால் சுருளை அவிழ்த்துப் புதிதாகச் சுற்றித் தருகிற பட்டறைகள் இப்படிப்பட்ட ஊர்களில் இருந்தே ஆக வேண்டும். அங்கே எனாமல் கம்பி இருக்கிறது. ஆனால் அது மோட்டாருக்கான கம்பி. குதிரைத் திறன் கணக்கில் சக்தி எடுக்கிற யந்திரத்துக்கு 0.1 மில்லிமீட்டர் எதற்கு? இருப்பதிலேயே மெல்லியதைக் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பருமனில்தான் கிடைக்கும். அதையும் வேண்டாம் என்று சொல்லத் தேவையில்லை. மேடைக்கு அடியில் தண்டவாளத்துக்கு மின்சாரம் கொண்டுபோக அது நல்ல கம்பி.

அப்படியானால் மெல்லிய கம்பி எந்தப் பொருளுக்குள் சுற்றியிருக்கிறது என்று யோசிக்க வேண்டும். குறைந்த மின்னோட்டத்தில் காந்தம் உண்டாக்க வேண்டிய எதிலும் அது இருக்கும், ஏனென்றால் அங்கே சுற்றுகளின் எண்ணிக்கையே பலம். சர்க்கரைக் கட்டி அளவுள்ள 12 வோல்ட் ரிலே இதற்குச் சிறந்த சுரங்கம். இந்த வகை ரிலேயின் சுருளில் மீட்டரை வைத்துப் பார்த்தால் பெரும்பாலும் 400 ஓம் காட்டும். உள்ளிருக்கும் கம்பி 0.06 மில்லிமீட்டர் என்றால் மீட்டருக்கு 6 ஓம். அப்படியானால் அந்தச் சர்க்கரைக் கட்டிக்குள் 65 மீட்டர் கம்பி அடங்கியிருக்கிறது. பழுதான மின்சாரப் பலகைகளோடு குப்பைக்குப் போகிற ரிலே ஒன்று, ஒரு ஸ்டேஷன் முழுவதற்கும் போதும்.

அவிழ்ப்பது பொறுமை வேண்டிய வேலை. மேல் கூட்டைக் கத்தி முனையால் நெம்பி எடுத்ததும் சுருளைச் சுற்றி ஒட்டிய நாடா தெரியும். அதை உரித்தால் செம்பு பளபளக்கும். வெளிப்பக்கத்து முனை எந்தக் காலில் பற்றவைத்திருக்கிறது என்று பூதக்கண்ணாடியால் தேடிக் கண்டுபிடித்து, அங்கே சால்டரிங் அயனைத் தொட்டு விடுவிக்க வேண்டும். பிறகு சுருளை ஓர் ஆணியில் மாட்டி, அது தானே சுழலும்படி விட்டு, கம்பியை நேராக இழுக்க வேண்டும். பக்கவாட்டில் இழுத்தால் அறுந்துவிடும். விரல் வேர்த்திருந்தாலும் வழுக்கும். இழுத்த கம்பியைச் சும்மா விட்டால் ஒரு நொடியில் சிக்கலாகி முடிச்சு விழும். அதனால் பழைய நூல்கண்டு ஒன்றில் உடனுக்குடன் சுற்றிக்கொள்கிறார்கள்.

பருமனை அளக்க மைக்ரோமீட்டர் இல்லாதவருக்கு ஒரு வழி: பென்சிலில் இடைவெளி இல்லாமல் 50 சுற்றுச் சுற்றி, அந்த அகலத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். 6 மில்லிமீட்டர் வந்தால் உறையோடு 0.12, அதுவே நாற்பத்திரண்டாம் நம்பர்.

பழைய தொலைபேசியின் சுருள் கயிற்றையும் பலர் வெட்டிப் பார்ப்பதுண்டு. உள்ளே மெல்லிய கம்பி இருக்கும் என்ற நம்பிக்கைதான். வெட்டினால் வெளியே வருவது ஜரிகை. உவமைக்காகச் சொல்லவில்லை. நூல் இழை ஒன்றின் மேல் தட்டையாக்கிய செம்பு நாடாவைச் சுற்றிச் செய்தது அது. பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன் முலாம் பூசினால் காஞ்சிபுரம் புடவையின் ஜரிகை. பருத்தி அல்லது செயற்கை இழையின் மேல் செம்பைச் சுற்றினால் தொலைபேசிக் கயிறு. ஆயிரம் தடவை மடக்கி நீட்டினாலும் முறியக் கூடாது என்பது இரண்டுக்கும் பொதுவான தேவை. புடவை மடிப்புக்கு வந்த அதே விடை தொலைபேசிக்கும் வந்திருக்கிறது. சிக்னலுக்கு மட்டும் அது உதவாது. சூடு பட்டால் உள்ளே நூல் கருகும், ஈயம் ஒட்டாது.

கம்பி மெலிவதன் ரகசியம் நகைப் பட்டறையில் இருக்கிறது. கிள்ளானில் தெங்கு கெலானா சாலைப் பக்கமோ, கோலாலம்பூரில் மஸ்ஜித் இந்தியாப் பக்கமோ நகைக் கடைகளில் தொங்கும் ஒவ்வொரு சங்கிலிக்கும் முதல் படி கம்பி இழுப்பது. கம்பியச்சு என்ற இரும்புத் தகட்டில் ஒன்றைவிட ஒன்று சிறியதாக வரிசையாகத் துளைகள். தங்கக் கம்பியின் நுனியைக் கூராக்கி ஒரு துளையில் விட்டு, இடுக்கியால் பிடித்து மறுபக்கம் இழுக்க வேண்டும். பிறகு அடுத்த துளை. நடுநடுவே காய்ச்சி ஆற வைக்காவிட்டால் கம்பி விறைத்து முறியும். செம்புக் கம்பித் தொழிற்சாலையில் நடப்பதும் இதேதான், அளவு மட்டும் வேறு. அங்கே தொடக்கம் 8 மில்லிமீட்டர் கம்பி. மெல்லிய அளவுகளுக்கு வைரத் துளை. 8 மில்லிமீட்டர் கம்பி ஒரு மீட்டரை 0.1 மில்லிமீட்டராக இழுத்து முடித்தால் அது 6,400 மீட்டர் நீளம் ஆகியிருக்கும். உலோகம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓர் ஆள் கையில் பிடிக்கிற தடி, கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸிலிருந்து புறப்பட்டு நகரத்தின் மறு பக்கம் போய்ச் சேருகிற நூலாகிவிடுகிறது.

இவ்வளவு தேடியும் கம்பியின் வேலை தன்னை மறைத்துக்கொள்வதுதானே என்று தோன்றலாம். அந்த மறைவுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. நல்ல கண் பிரித்தறியக் கூடிய மிகச் சிறிய கோணம் ஏறக்குறைய ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு. 35 சென்டிமீட்டர் தூரத்தில் அது 0.1 மில்லிமீட்டருக்குச் சமம். மாதிரி ரயிலைக் குனிந்து பார்க்கிறவரின் கண் நிற்பது அந்தத் தூரத்தில்தான். அதாவது நாற்பத்திரண்டாம் நம்பர் கம்பி கண்ணின் எல்லைக்கோட்டிலேயே நிற்கிறது. ஆனால் வெளிச்சமான பின்னணியில் கறுப்புக் கோடாகத் தெரியும் எதையும் அதைவிட மெல்லியதாக இருந்தாலும் கண் பிடித்துவிடும். தொலைவில் வானத்துக்கு எதிரே மின்கம்பி தெரிவது இதனால்தான். குழாயிலிருந்து வெளியே வந்து விளக்குப் பெட்டிக்குள் நுழையும் அந்த மூன்று மில்லிமீட்டரில் கம்பியைக் கம்பத்தின் நிறத்திலேயே பூசிவிட வேண்டும். பூசாத செம்பு, விளக்கு எரியும்போது கூந்தலில் சிக்கிய மின்மினி போல மின்னும்.

நிஜ ரயிலிலும் சிக்னலை ஆட்டியது கம்பிதான். தமிழில் அதற்கு அமைந்த பெயர் கைகாட்டி. கம்பத்தின் மேலிருந்து ஒரு கை நீண்டு நிற்கும்; கை நேராக நின்றால் நிறுத்து, இறங்கினால் போ. பிரிட்டிஷ் முறையில் அமைந்த மலாயா ரயிலிலும் அந்தக் கைகள் நெடுங்காலம் நின்றன. கிழக்குக் கரைப் பாதையில் இந்த நூற்றாண்டு பிறந்த பிறகும் அவற்றைப் பார்க்க முடிந்தது. ஸ்டேஷன் பக்கத்துச் சிக்னல் அறையில் நெம்புகோல்களின் வரிசை. ஒன்றை ஆள் தன் உடம்பின் எடையோடு பின்னால் இழுத்தால், தண்டவாள ஓரத்தில் சிறு கப்பிகளின் மேல் ஓடுகிற எஃகுக் கம்பி நூற்றுக்கணக்கான மீட்டர் தூரம் நகர்ந்து போய்க் கைகாட்டியை இறக்கும். மின்சாரம் இல்லை, மோட்டார் இல்லை. ஒரு மனிதரின் தோள் பலம் ஒரு கம்பி வழியாக முக்கால் கிலோமீட்டர் போகிறது.

அந்தக் கம்பிக்கு வெயில் ஒரு தொல்லை. எஃகு சூட்டில் நீளும். 800 மீட்டர் கம்பி, விடிகாலைக் குளிர்ச்சியிலிருந்து நண்பகல் வெயிலில் 20 பாகை சூடேறினால் ஏறக்குறைய 19 சென்டிமீட்டர் நீண்டுவிடும். கை இறங்குவதற்கு வேண்டிய இழுப்பையே இந்தத் தளர்ச்சி தின்றுவிடும். நெம்புகோலை முழுக்க இழுத்தும் கை பாதியில் நின்றால் ஓட்டுநர் என்ன என்று எடுத்துக்கொள்வார்? அதனால் சிக்னல் அறையில் கம்பியை இறுக்கவும் தளர்த்தவும் ஓர் ஏற்பாடு இருந்தது. காலையில் ஓர் அளவு, உச்சியில் ஓர் அளவு, மழை கொட்டிக் குளிர்ந்தால் வேறு அளவு. ரயிலில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இது தெரிந்திருக்கத் தேவையில்லை.

அதைத் தெரிந்திருந்தவர்கள் வாழ்ந்த இடங்களில் ஒன்று பிரிக்ஃபீல்ட்ஸ். 1901ல் கூட்டு மலாய் மாநில ரயில்வே ஒரே நிர்வாகத்தின் கீழ் வந்தபோது அதன் முதல் பொது மேலாளராக இருந்த சி. இ. ஸ்பூனர், முன்பு இலங்கையில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் பெருந்தொகையாக வந்து சேர்ந்ததில் அவருக்குப் பங்குண்டு. தண்டவாளக் கும்பல்களில் வெயிலில் நின்றவர்களில் பெரும் பகுதி தமிழ்நாட்டிலிருந்து வந்த உழைப்பாளிகள். மேசைக்கும் தண்டவாளத்துக்கும் நடுவில் ஒரே மொழி இரண்டு உச்சரிப்புகளில் பேசப்பட்டது. யாழ்ப்பாணத்தார் ‘கோச்சி’ என்றார்கள், மற்றவர்கள் ‘ரயில்’ என்றார்கள். ரயில்வே ஊழியருக்காக எழும்பிய ‘நூறு குவார்ட்டர்ஸ்’ வீடுகள், 1904ல் தோன்றிய விவேகானந்தா ஆசிரமம், ஸ்காட் சாலைக் கந்தசாமி கோயில் என்று அந்தப் பகுதிக்கு உருவம் கொடுத்ததே ரயில் சம்பளம்தான். பழைய ரயில் யார்டு இருந்த நிலத்தில் 2001ல் கேஎல் சென்ட்ரல் திறந்தது. தண்டவாள ஓரத்துக் கப்பியும் கம்பியும் எந்தக் கட்டடத்துக்கு அடியில் போயின என்று இப்போது கைகாட்டிச் சொல்ல முடியாது. கோலாலம்பூர் ஸ்டேஷனின் 1910ஆம் ஆண்டுக் கட்டடத்தை கட்டடக்கலைஞர் ஹப்பாக்கின் பெயரோடு எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். கம்பியை இறுக்கியவர்களைப் படம் பிடித்தவர்கள் குறைவு. அந்த யார்டை மேசை மேல் மறுபடி கட்ட முயல்வது வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட மனம் வரவில்லை. வேறு யாரும் எழுதிவைக்காத விவரம் ஒன்று அங்கே பித்தளையிலும் செம்பிலும் எழுதப்படுகிறது.

கைகாட்டியை மாதிரியில் அசைக்க இன்னொரு கம்பியும் வேண்டும். அது மெலிதாகவும் இருக்க வேண்டும், தள்ளினால் வளையாமல் விறைப்பாகவும் நிற்க வேண்டும். செம்பு இதற்கு ஆகாது. கிட்டாரின் முதல் தந்தி 0.23 அல்லது 0.25 மில்லிமீட்டர் எஃகு, அதுவே கச்சிதம். 1981 முதல் இசையும் நடனமும் கற்றுத் தருகிற டெம்பிள் ஆஃப் ஃபைன் ஆர்ட்ஸ் பிரிக்ஃபீல்ட்ஸ் ஜாலான் பெர்ஹாலாவில் இருக்கிறது. தந்தி வாத்தியம் பயிலும் பிள்ளைகள் இருக்கிற பேட்டையில் அறுந்த தந்திக்குப் பஞ்சம் இராது. வீணையின் கம்பிக்குப் பெயர் தந்தி. பின்னாளில் கம்பி வழியாக ஓடிய செய்திக்கும் தமிழர்கள் அதே பெயரை வைத்தார்கள். கைகாட்டியை அசைக்க வாத்தியத் தந்தியைப் பூட்டுகிறவர் புதிதாக எதையும் செய்யவில்லை, சொல் போன வழியிலேயே போகிறார்.

விளக்குக்கு வருவோம். மாதிரிச் சிக்னலில் எரிவது 1 மில்லிமீட்டருக்கு அரை மில்லிமீட்டர் அளவுள்ள எல்.இ.டி. கேழ்வரகு மணியைவிடச் சிறிது. மூச்சுப் பட்டாலும் பறந்துவிடும்; விழுந்தால் தரையில் தேட முடியாது. இருபக்கம் ஒட்டும் நாடாவில் அதைக் கவிழ்த்து ஒட்டி, இரு முனையிலும் பொட்டளவு ஈயம் வைக்க வேண்டும். கம்பியின் எனாமலை முதலில் போக்கியாக வேண்டும். பாலியூரித்தேன் பூச்சு என்றால், 400 பாகைக்குப் பக்கத்தில் சூடான அயன் முனையில் ஒரு துளி ஈயத்தை உருட்டி அதற்குள் கம்பி நுனியை நுழைத்தால் போதும். இரண்டு மூன்று நொடியில் பூச்சு உரிந்து, கம்பி வெள்ளி நிறமாக வெளியே வரும். எழும்பும் புகை நல்லதல்ல. ஜன்னலைத் திறந்துவைத்துத்தான் செய்ய வேண்டும். அப்படியும் ஈயம் ஒட்டாவிட்டால் அது உயர் சூட்டைத் தாங்கும் வேறு பூச்சு. மடித்த உப்புத்தாளுக்கு நடுவில் வைத்து மெல்ல உருவிச் சுரண்ட வேண்டும். கம்பியும் சேர்ந்து தேய்ந்து, பத்தில் மூன்று தடவை அறுந்துபோகும்.

பற்றவைத்த பிறகு துடைப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கின் ஈரக் காற்றில் அது பெரிய பிழை. பற்றுக்குத் துணையாகப் பூசிய ஃப்ளக்ஸ் மிச்சமிருந்தால் சில மாதங்களில் செம்பு பச்சை பூக்கும். களிம்பு. சைவ சித்தாந்தம் ஆணவ மலத்துக்குச் சொல்லும் உவமை செம்போடு பிறந்த இந்தக் களிம்புதான். பருமனான கம்பியில் களிம்பு மேல் தோலோடு நின்றுவிடும். 0.1 மில்லிமீட்டர் கம்பியில் மேல் தோலுக்கு அடியில் வேறொன்றும் பெரிதாக இல்லை. எரிசாராயத்தில் நனைத்த தூரிகையால் கழுவி, ஒரு துளி வார்னிஷ் வைத்தால் தீர்ந்தது.

ஒளியின் நிறத்திலும் பழைய கைகாட்டி ஒரு பாடம் வைத்திருக்கிறது. அதன் விளக்கு மண்ணெண்ணெயில் எரிந்தது, சுடர் மஞ்சள். அதற்கு முன்னால் பச்சைக் கண்ணாடி வைத்தால் மங்கிப்போன மஞ்சள் பச்சைதான் தெரியும். அதனால் நீலம் கலந்த கண்ணாடியை வைத்தார்கள். மஞ்சள் சுடர் அதைத் தாண்டி வரும்போது ஓட்டுநர் கண்ணுக்குப் பச்சை. மாதிரி ரயில்காரர் பச்சை எல்.இ.டி.யை வைத்தால் அது இக்காலத்துப் போக்குவரத்து விளக்கு. மஞ்சள் சாய்ந்த வெள்ளை எல்.இ.டி.யைப் பின்னால் வைத்து, முன்னால் நீலச்சாயம் பூசிய பிளாஸ்டிக் துண்டை ஒட்டினால்தான் அந்தப் பழைய பச்சை வருகிறது. 12 வோல்ட்டில் 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மின்னோட்டத்தை இரண்டு மில்லி ஆம்பியரில் நிறுத்தினால் சுடரின் அடக்கமும் வந்துவிடும். மெல்லிய கம்பி இதைச் சுமக்குமா என்ற பயம் வேண்டாம். அரை மீட்டருக்கு ஓர் ஓம் சொச்சம்தான் அதன் தடை.

சில நிறுவனங்கள் கம்பி பற்றவைத்த எல்.இ.டி.யையே பொட்டலமாக விற்கின்றன. கண் தளர்ந்தவருக்கும் கை நடுங்குகிறவருக்கும் அது பெரிய உதவி. வாங்குவதில் குறை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஒரு தடவையாவது ரிலேயை அவிழ்த்துப் பார்ப்பது நல்லது. கம்பி எங்கே அறுகிறது, ஏன் அறுகிறது என்பது அப்போதுதான் விரலுக்குத் தெரியும். பெரும்பாலும் அது அறுவது குழாயின் வாயில். வெட்டிய பித்தளையின் விளிம்பில் நிற்கும் பிசிர் எனாமலைக் கீறிவிடும். கீறல் குழாயோடு ஒட்டினால் குறுக்கோட்டம். ஒட்டாமல் ஆடிக்கொண்டிருந்தால் ஒரு நாள் முறிவு. குழாய் வாயை ஊசியால் திருகி மழுக்கிய பிறகே கம்பியை விட வேண்டும்.

கம்பி அறுந்தால் சிக்னல் என்ன சொல்ல வேண்டும் என்ற கேள்வியை ரயில்வே ஆரம்பத்திலேயே கேட்டுக்கொண்டது. கைகாட்டியில் எதிர்ப்பாரம் ஒன்று தொங்கும். இழுக்கும் கம்பி அறுந்தால் அந்தப் பாரம் கையைத் தூக்கி ‘நிறுத்து’ நிலைக்குக் கொண்டுவந்துவிடும். மின்விளக்குச் சிக்னலில் பாரம் இல்லை, அதனால் விதி இருக்கிறது: எரிய வேண்டிய விளக்கு எரியாமல் இருந்தால் அது சிவப்பு என்றே கொள்ள வேண்டும். 1995ல் கேடிஎம் கொமுட்டர் ரவாங்–சிரம்பான், செந்தூல்–கிள்ளான் துறைமுகம் பாதைகளில் மின்சார வண்டியாக ஓடத் தொடங்கிய பிறகு அந்தத் தடங்களில் விளக்கு மட்டும்தான் பேசுகிறது. மேசை மேல் ரயில் ஓட்டுகிறவர்களிலும் இந்த விதியைக் கடைப்பிடிக்கிறவர்கள் உண்டு. சிக்னல் அணைந்துபோனால் வண்டியை அதற்கு முன்னால் நிறுத்திவிட்டு, மேடைக்கு அடியில் மல்லாந்து படுத்து அறுந்த முனையைத் தேடுகிறார்கள்.

நூல்கண்டில் எப்படியும் கம்பி மிச்சமாகும். தண்டவாள ஓரத்தில் ஓடிய நிஜ சிக்னல் கம்பியின் பருமன் ஏறக்குறைய 3 முதல் 4 மில்லிமீட்டர். எண்பத்தேழில் ஒரு பங்கு என்றால் 0.05 மில்லிமீட்டருக்குச் சற்றுக் கீழே. ரிலேயிலிருந்து வந்த 0.06 கம்பி அதற்குக் கிட்டத்தட்ட சரியான அளவு. அதைச் சாம்பல் நிறத்தில் நனைத்து உலர்த்தி, தண்டவாளத்துக்குப் பக்கத்தில் சிறு முளைகளின் தலையில் ஏற்றி, சிக்னல் அறையின் அடியிலிருந்து கைகாட்டியின் கால்வரை இழுத்துக் கட்ட வேண்டும். முளைக்கு முளை ஒரு பொட்டுப் பசை. இதில் மின்சாரம் ஓடுவதில்லை, இது எதையும் இழுப்பதும் இல்லை. நின்று பார்த்தால் கம்பி தெரியாது. நாற்காலியை இழுத்துப் போட்டு, கன்னம் மேசையில் படும் அளவுக்குத் தாழ்ந்து, கிள்ளான் பக்கம் பார்க்க வேண்டும்.